ஒரு 'ப' கூடுதல்

ஒரு தலைமுறையின் நெஞ்சை உலுக்கப்போகும் குரல் மலையுச்சியிலிருந்தோ சிறைக்கம்பிக்குப் பின்னாலிருந்தோ புறப்பட்டு வந்து, காலத்தின் கதவைத் தட்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குரலும் கதவைத்தான் தட்டியது. சொந்த வீட்டுக் கதவை. இரண்டு சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பெண்டாட்டி சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டதால், நனைந்த சாக்ஸோடு வாசலில் நின்று, போனை வாயருகே வைத்து அது ஒரே ஒரு வாக்கியம் சொன்னது.

அந்த வாக்கியத்துக்கு இன்று ஆடாத கால் இல்லை. மாப்பிள்ளைகள் அதற்கு ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வருகிறார்கள். வங்கி ஊழியர்கள் வரிசையாக நின்று ஆடி ரீல்ஸ் போடுகிறார்கள். பின்னால் டோக்கனோடு காத்திருக்கும் ஜனங்களும் அதில் தெளிவாகத் தெரிகிறார்கள். பாட்டு முழுக்க 'தீநாக்கு' என்ற ராப் பாடகர் கோபமாக ஏதோ சொல்கிறார். அது யாருக்கும் புரிவதில்லை. புரியவேண்டிய கட்டாயமும் இல்லை. நடுவில் தாளம் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் கனத்த ஆண்குரல் ஒன்று திக்கும்:

"ப-ப-ப-பரவால்ல! நா-நா-நானே பாத்துக்கறேன்!"

அவ்வளவுதான். உலகம் துள்ளிக் குதிக்கும்.

தீநாக்குக்கு வீட்டில் குட்டி என்று பெயர். "உதடு ரெண்டும் ஒட்டினால்தான் 'ப' பிறக்கும். ஒட்டவைக்கப்பட்ட உதடுகளைப் பிய்த்துக்கொண்டு பேச முயலும் மக்களின் முதல் மூச்சு அது" என்று அவன் பேட்டிகளில் சொல்லிவருகிறான். இலக்கணப் பரீட்சையில் பக்கத்து பெஞ்சின் தயவால் தேறியவன் என்பது பேட்டி எடுப்பவர்களுக்குத் தெரியாது. அவனுடைய அக்காளுக்குத் தெரியும்.

அந்த அக்காள், பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். இந்தக் கதையில் இப்போதைக்குக் குற்றவாளியும் அவள்தான். புருஷன் வாசலிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகங்களோடு தம்பிக்குத் தட்டிவிட்டவள்.

போன வாரம் குட்டு உடைந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயம் தெரியாமலிருக்க அந்த வரியைக் கோரஸாகப் பாட, வெளியே ஸ்பானரோடு நின்ற லிஃப்ட்காரர், அதாவது அக்காளின் புருஷன், தன் பேச்சைத் தானே அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வந்து கேட்டார். அக்காள் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டு, இடி விழட்டும் என்று தலையைக் குனிந்து நின்றாள்.

இடி விழவில்லை. லிஃப்ட்காரர் காலண்டரைப் பார்த்தபடியே, "நா-நாடே கேக்குதா?" என்றார். பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் இப்போது அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். மன்னிப்பு என்பது சில வீடுகளில் தவணை முறையில்தான் வசூலாகிறது.

அந்த நாளிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். இஸ்திரி போடாத சட்டையைத் தொடுவதில்லை. கம்பெனியில் அவரை லிஃப்ட் கூண்டின் உச்சிக்கு ஏற்றுவார்கள், அடியில் இறக்குவார்கள். ஆனால் லிஃப்ட் ஏன் நின்றது என்று குடியிருப்பவர்களிடம் விளக்க மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுவார்கள். "நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள லிஃப்டுக்கே வெக்கமா போயி தானா ஓட ஆரம்பிச்சிடும்" என்று சூப்பர்வைசர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரித்தார்.

அதே சூப்பர்வைசர் இப்போது அவர் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார். நாளைக்குக் கம்பெனி ஆண்டு விழா. மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசப்போவது லிஃப்ட்காரர்தான். இன்று சாயங்காலம் ஒரு இணையச் சேனல் வீட்டுக்கே வந்து, 'குரலுக்குச் சொந்தக்காரர்' என்று அவரைப் படம் பிடிக்கப்போகிறது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குட்டி வந்தான்.

*

வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்பது தீநாக்கின் கொள்கை. வந்ததும் செருப்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டான்.

"ஐயோ அம்மா!"

"மக்களோட மூச்சு எங்க, முட்டியிலயா?" என்றாள் அக்காள்.

"சும்மா இருக்கா. மாமா எங்க?"

"கண்ணாடி முன்னாடி. வேற எங்க?"

குட்டி படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் இந்தப் பக்கம் வாயேன்."

வாஷிங் மெஷின் வைத்திருக்கும் பின்பக்கப் பால்கனிக்குப் போனார்கள். ரெண்டு பேர் நின்றால் மூன்றாவதாகக் காற்றுகூட நுழையமுடியாத இடம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ரகசியத்துக்கு வசதி என்று குட்டி நினைத்திருக்கவேண்டும்.

"அக்கா, கோபப்படக் கூடாது."

"உங்கிட்ட கோபப்பட்டு எனக்கு என்னடா ஆகப்போகுது? சொல்லித் தொலை."

"பாட்டுல வர்ற குரல் மாமாவோடது இல்ல."

"பின்ன யாரோடது, உங்க ஹெட்மாஸ்டரோடதா?"

"உன்னோடது."

அக்காள் கொடியிலிருந்து எடுத்த சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். உதறிய கை அப்படியே நின்றது.

"என்னடா உளர்ற?"

"மாமா அனுப்பினதுல ஒரே மழைச் சத்தம்கா. எவ்வளவோ சுத்தம் பண்ணிப் பாத்தேன். தகரத்துல அடிக்கற மாதிரியே இருந்துச்சு. பின்னாடியே நீ ஒண்ணு அனுப்பினியே, மாமா மாதிரி பண்ணி? அது அவ்ளோ க்ளீனா இருந்துச்சு. கொஞ்சம் கனமாக்கி, கீழ எறக்கினேன். ஆம்பளக் குரல் ஆயிடுச்சு."

மெஷின் தண்ணீரை வெளியேற்றும் கட்டத்துக்கு வந்திருந்தது. அக்காளுக்குள்ளும் ஏதோ ஒன்று அதே சத்தத்தோடு இறங்கியது.

எல்லாம் ஞாபகம் வந்தது. வராமலிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! சித்தி மகள் வீட்டு சோபா. காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மெசேஜைக் கேட்டுவிட்டு, "அது ஒண்ணுமே இல்ல, இத கேளுங்க" என்று போனை எடுத்து, புருவத்தைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, அவரைப் போலவே பேசிப் பதிவு செய்தாள். சித்தி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன், "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கெஞ்சினான். அக்காளும் ஏமாற்றவில்லை. மனமகிழ்ந்து செய்தாள். அந்த நேரம் பூட்டிய கதவுக்கு முன்னால் மழை இன்னும் விட்டிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மிமிக்ரிக்குப் பரிசு வாங்கியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு சரக்கு ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

"அவரு 'பரவால்ல'ங்கறதுல திக்கவே மாட்டாரேடா" என்றாள், யாரிடமோ பேசுவதுபோல. "அந்த வரில 'நா'ல மட்டுந்தான் நின்னுச்சு. 'ப' நானா போட்டது."

"அந்த 'ப' இல்லன்னா பாட்டே இல்லக்கா. அதான் ஹைலைட்டு. அதுக்கு ஒருத்தரு கட்டுரையே எழுதியிருக்காரு."

"அடப் பாவி."

"நானா பாவி? பண்ணது நீ. நான் தாளம்தான் போட்டேன்."

நியாயமான பேச்சு. தம்பிகள் இத்தனை நியாயமாகப் பேசும் சந்தர்ப்பம் வாழ்க்கையில் அபூர்வம். அதனாலேயே அறையலாம்போல் இருக்கும்.

"இப்ப எதுக்குடா வந்து சொல்ற? இத்தன நாளு வாய்ல என்ன வச்சிருந்த?"

குட்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே சின்ன வயதில் சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற அதே கண்கள்.

"இன்னிக்கி வர்ற சேனல்காரங்க, மியூசிக் இல்லாம வெறும் குரல் மட்டும் வேணும்னு கேட்டிருக்காங்க. என் மேனேஜர் எடுத்துக் குடுத்துட்டான். மாமா கேட்டு ஏதாவது சொல்லிட்டாருன்னா? திக்கற ஒருத்தர கேலி பண்ண குரலுன்னு தெரிஞ்சா என்ன கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்கக்கா. எனக்குன்னு ஒரு நிலைப்பாடு இருக்கு."

"உன் நிலைப்பாட்ட கழட்டி இந்த மெஷின்ல போடு. அழுக்கு எறங்குதான்னு பாக்கறேன்."

"நீ வாயத் திறக்காத, அது போதும். நாளைக்கு மேடையேறப் போறாரு. பாவம் மாமா."

"பாவம்னு நீ சொல்றியா!"

"சரி, நீ சொல்லு. நீயே சொல்லு."

அவள் சட்டையை மடித்தாள். அது ஏற்கெனவே மடித்ததுதான் என்பதைக் கவனிக்காமல் இன்னொரு மடிப்பும் மடித்தாள்.

தட்டிவிட்டது ஒரு குற்றம், ஒப்புக்கொண்டாயிற்று. அது புருஷனின் குரல், புருஷனின் புகழ் என்று மனசுக்கு மருந்தும் தடவியாயிற்று. இப்போது பார்த்தால் நாடு ஆடுவது அவர் குரலுக்கு அல்ல. அவர் முதுகுக்குப் பின்னால் அவள் செய்த கேலிக்கு. அந்தக் கேலிக்குத்தான் அவர் மீசையை ஒதுக்கியிருக்கிறார்.

"இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்று நடந்தாள்.

"அக்கா!" என்று குட்டி பின்னாலேயே வந்து, மறுபடியும் செருப்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டான். இந்தமுறை கண்ணாடி போட்டிருக்கவில்லை.

*

லிஃப்ட்காரர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை. விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல் மட்டும் காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு இரு. மொதல்ல இ-இத கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு, மார்பை நிமிர்த்தினார். "பரவால்ல. நானே பாத்துக்கறேன்."

வெண்ணெயில் கத்தி இறங்கியது மாதிரி வந்தது. செய்தி வாசிப்பவர்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்.

"கேட்டியா?" என்றார் பரிதாபமாக. "வ-வரமாட்டேங்குது."

"எது?"

"திக்கல். காலைலேந்து பாக்கறேன். வேணும்னு பண்ணா வழுக்கிட்டு போயிடுது. விவரம் தெரிஞ்ச நாள்லேந்து கூ-கூப்பிடாமயே வந்து நின்னுச்சு. இன்னிக்கி கூப்பிடறேன், திரும்பிப் பாக்கமாட்டேங்குது."

வேறு வீடாயிருந்தால், வேறு நாளாயிருந்தால், இது பெரிய சந்தோஷச் செய்தி. அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்தப் பாட்டுல..."

"நீ சொல்லிக் குடேன்."

"என்னது?"

"நீதான் நல்லா பண்ணுவியே, என்ன மாதிரி."

அக்காள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நா-நான் வீட்ல இருக்கறப்பவே போன்ல பண்ணிக் காட்டுவ. சுவரு மெல்லிசு" என்றார் லிஃப்ட்காரர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. வீட்டின் சுவரைப் பற்றி ஒரு தகவல் மாதிரி சொன்னார். "நல்லாத்தான் பண்ணுவ. ஒருநாள் ந-நானே பேசறேனோன்னு திரும்பிப் பாத்தேன்."

மனுஷன் ஒரு குத்துக் குத்தியிருக்கலாம். பாராட்டிவிட்டார்.

"எனக்கு... தெரியாது, உங்களுக்குக் கேக்கும்னு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சேனல்காரங்க வர்ற நேரமாச்சு. நாளைக்கு மேடைல வேற இத பண்ணித்தான் பேச்ச ஆரம்பிக்கணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. பண்ணலன்னா, டூப்புன்னு நி-நினைச்சிக்குவாங்க. வா, வந்து சொல்லிக் குடு."

சொல்லிவிடலாம். இந்த நொடி சொல்லிவிடலாம். அக்காள் வாயைத் திறந்தாள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பல் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் சாய்ந்து, வலிக்காது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று பார்ப்பவர்களின் முகம். அவள் தினமும் பார்க்கும் முகம். வலிக்காது என்று தினமும் அவள் பொய் சொல்லிவைக்கும் முகம்.

"உதட்ட ஒட்டுங்க" என்றாள்.

ஒட்டினார்.

"இன்னும் கெட்டியா. உள்ள காத்து முட்டணும். விடாதீங்க. இப்ப கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

"ப... ப... பரவால்ல."

"அது இல்ல. நடுவுல மூச்சு விடறீங்க. ஒரே மூச்சுல அடுக்கணும். ப-ப-ப-பரவால்ல."

"நான் அப்படியா சொல்லுவேன்?"

அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். "ஆமா."

"எனக்கு 'ப'ல நி-நிக்காதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நிக்கும். உங்களுக்குத் தெரியறதில்ல."

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஒரு மனிதருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு திக்கல். அதிலும் ஒரு எழுத்தை மாற்றிவைத்தாயிற்று.

லிஃப்ட்காரர் நல்ல மாணவர். புருவத்தைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். கழுத்தை இழுக்கச் சொன்னால் இழுத்தார். "புருவம் எதுக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "அப்படித்தான் தூக்குவீங்க" என்றாள் அவள். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். சித்தி மகள் வீட்டு சோபாவில் எல்லோரையும் சிரிக்கவைத்த அந்த மூஞ்சி, இப்போது உரியவரிடமே வந்து சேர்ந்திருந்தது.

அவள் காலரில் தொங்கிய பிளாஸ்டிக் நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். அந்த நேரத்தில் அவளால் செய்யமுடிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

*

சேனலிலிருந்து வந்த பெண்ணுக்கு எல்லாமே "சூப்பர்". வீடு சூப்பர். சோபா உறை சூப்பர். லிஃப்ட்காரரின் சட்டை சூப்பர், ஆனால் கொஞ்சம் பழசாக ஏதாவது இருக்கிறதா? எளிமை தெரியவேண்டும். புதுச் சட்டை கழற்றப்பட்டு, கிரீஸ் கறை போகாத வேலைச் சட்டை மாட்டப்பட்டது. வட்ட விளக்கு எரிந்தது. கேமராக்காரர் சோபாவை நகர்த்திவிட்டு, அடியிலிருந்து வந்த தூசியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமலிருந்தார்.

முதலில் தீநாக்கு பேசினான். "இவரு என் மாமா மட்டும் இல்ல. பேசவிடாம பண்ணப்பட்ட ஒவ்வொருத்தரோட தொண்டையும் இவருதான்."

"சூப்பர்! மேடம், நீங்க என்ன நினைக்கறீங்க? சார் திக்கறத முதல்ல கேட்டப்ப?"

"நினைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அக்காள். கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "பழகிடுச்சு."

"அன்பு! அதான் அன்பு" என்று அந்தப் பெண் பரவசப்பட்டு, லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். "சார், அந்த வரி. உங்க ஸ்டைல்ல."

லிஃப்ட்காரர் உதட்டை ஒட்டினார். புருவத்தைத் தூக்கினார். "ப-ப-ப-பரவால்ல. நா-நா-நானே பாத்துக்கறேன்."

சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வந்தது. அக்காளுக்கு மூச்சு வந்தது.

அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். கொஞ்சம் நடிக்கற மாதிரி இருக்கு. ஒரிஜினல்ல ஒரு உயிர் இருக்கும் பாருங்க. நீங்களே கேட்டுட்டு பண்ணுங்க. எங்ககிட்ட குரல் மட்டும் தனியா இருக்கு."

"அதெல்லாம் வேணாம், மாமாவுக்கே தெரியும்..." என்று குட்டி எழுந்தான். அதற்குள் ஹெட்போன் அவர் காதில் ஏறிவிட்டது.

லிஃப்ட்காரர் கேட்டார். கேபிளில் கை வைத்து, எங்கே உரசுகிறது என்று பார்க்கும்போது தலையைச் சாய்ப்பாரே, அப்படிச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார். கேட்டார்.

பிறகு தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அக்காள் பக்கம் நகர்த்தினார்.

"கடைசில ஒரு சின்ன இருமல் இருக்கும் சார்" என்றாள் சேனல் பெண். "பாட்டுல அத வெட்டிட்டாங்க. அதையும் சேத்துப் பண்ணுங்களேன், ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"அது இ-இருமல் இல்ல."

"பின்ன?"

"அது சி..."

சொல் நின்றுவிட்டது. "சி... சி..." கழுத்து நரம்பு புடைத்தது. புருவம் அசையவே இல்லை. அவர் ஒருநாளும் புருவத்தைத் தூக்கியதில்லை என்பதை அக்காள் அப்போதுதான் பார்த்தாள். அறை முழுதும் அந்த ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேமராக்காரரை ஓடவிடச் சொல்லி அந்தப் பெண் ஆவலோடு கைகாட்டினாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டான்.

சிரிப்பு. அதுதான் அந்தச் சொல். பதிவை நிறுத்துவதற்குள் தாங்கமுடியாமல் மூக்கு வழியாக வெளியே வந்துவிட்ட சிரிப்பு. எவ்வளவு கனமாக்கினாலும், எவ்வளவு கீழே இறக்கினாலும், கூட வாழ்ந்தவருக்கு அந்தச் சிரிப்பு தெரியாமல் போகுமா?

சொல்லட்டும் என்று அக்காள் காத்திருந்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றே நினைத்தாள்.

ஒரு சொல் வராவிட்டால் வேறொரு சொல்லுக்குத் தாவிவிடுவது அவருடைய பழைய வித்தை. 'சினிமா' வராவிட்டால் 'படம்' என்பார். 'சித்தி' வராவிட்டால் 'உங்கம்மா தங்கச்சி' என்பார்.

"இருமல்தான்" என்றார் லிஃப்ட்காரர்.

"சூப்பர் சார்! இப்ப திக்கினீங்க பாருங்க, அதே மாதிரி அந்த வரிய..."

"எனக்கு வராது."

"ஒரே ஒரு தடவ சார்."

"எனக்கு அந்த மாதிரி வராதும்மா. அவளுக்கு வரும்." அக்காளைக் காட்டினார். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. எந்த ஃபியூஸ் போயிருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. "நான் வாய மட்டும் அசைக்கறேன். அவ பேசட்டும்."

"மேடமா?" அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். அவள் தொழிலில் இதற்கெல்லாம் ஒரு கணத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை. "டப்பிங்தானே சார், எல்லாரும் பண்றதுதான். குரலக் கனமாக்கறத எடிட்டிங்ல பாத்துக்கலாம். மேடம், கேமராவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கங்க."

"வேணாம்" என்றாள் அக்காள். அவளுக்கே கேட்கவில்லை.

"போம்மா" என்றார் லிஃப்ட்காரர். "நா-நாளைக்கு மேடைக்கும் நீ வரணும். திரைக்குப் பின்னாடி நின்னுக்க. சூப்பர்வைசர்கிட்ட நான் சொ-சொல்லிக்கறேன்."

இது தண்டனையா, இல்லை கையைப் பிடித்துத் தூக்குவதா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. வட்ட விளக்கு அவர் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வளையமாக எரிந்துகொண்டிருந்தது.

குட்டி எழுந்து அவளுக்கு வழிவிட்டான். அவள் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். கேமராக்காரர் குட்டையான மைக் ஒன்றை அவள் வாயருகே நீட்டினார். எதிரே, கிரீஸ் சட்டையில், அவள் புருஷன் உதடுகளை ஒட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

அக்காள் ஆரம்பித்தாள்.

அறையே கைதட்டியது. பாதுகாப்புக்கு இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

இரண்டாவது முறை அக்காள் இன்னும் நன்றாகச் செய்தாள்.